பொங்கல் பந்தயம்

பொங்கல் வந்தால் பிறருக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் நினைவுக்கு வரும். நமக்கோ, காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் மூன்று நாள் ஓசையற்றுக் கிடந்த ஒரு தறியும், சேப்பாக்கம் மைதானமும் நினைவுக்கு வருகின்றன. நேயர்கள் வியப்படைய வேண்டாம்; இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

நம்முடைய பாட்டனார் பட்டு நெசவாளர். அத்துடன் கிரிக்கெட் பைத்தியம். கோர்வைப் புடவையில் உடல் வேறு, கரை வேறு. ஒருவர் நெய்ய, பக்கத்தில் அமர்ந்து மற்றொருவர் கரை நாடாவைத் தள்ளினால்தான் தறி நடக்கும். பாட்டனாருக்குக் கரை போட்டவர் அவருடைய தம்பி. அண்ணன் பட்டணம் போனால் தம்பிக்கு வேலையில்லை. ஆகவே அவரும் உடன் கிளம்பிவிடுவார். செங்கற்பட்டில் ரயில் மாறி இருவரும் பந்தயம் பார்க்கப் போவார்கள். மூன்று நாள் கூலி போகும்.

பந்தயம் இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும். சேப்பாக்கம் மைதானம் 1846-ல் தோன்றிய சென்னை கிரிக்கெட் கிளப்பின் வசம் இருந்தது. அக்காலத்தில் அதில் இந்தியருக்கு இடமில்லை. அந்த நிலையைக் கண்டு மனம் பொறாத புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். தம் பணத்தைச் செலவிட்டு இளைஞர்களைப் பழக்கினார். 1908-ல் இரு சாராரும் மோத ஏற்பாடு செய்தவரும் அவரே. ஆனால் ஆட்டத்தைக் காணுமுன் காலமாகிவிட்டார். 1915-16 முதல் அது முதல்தர ஆட்டமாகப் பொங்கலை ஒட்டி நடைபெறலாயிற்று.

பாட்டனாரின் தமையனார் கதர்க்காரர்; சிறை சென்றவர். "வெள்ளைக்காரன் விளையாட்டுக்குக் காசைக் கொட்டுகிறாயே, வெட்கமில்லையாடா?" என்பார்.

"அண்ணே, நம் ஆள் வெள்ளைக்காரனை 'போ வெளியே' என்று அனுப்ப, அவன் வாய் பேசாமல் போகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?" என்பார் பாட்டனார்.

அப்படி அனுப்பியவர்களுள் எம். ஜே. கோபாலன்மீது அவருக்குத் தனிப் பிரியம். மொறப்பாக்கத்துக்காரர், நமது செங்கற்பட்டு ஜில்லா அல்லவா! ஆனால் அந்தக் கோபாலனின் திறமையைக் கண்டு ஆதரித்தவர்களில் முக்கியமானவர், ஐரோப்பியர் அணியின் ஸி. பி. ஜான்ஸ்டன். இதைச் சொன்னால் தமையனார் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்திலேயே ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் தொடங்கியது. முதற் பந்தை வீசியவர் கோபாலன். ராம் சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. 130 எடுத்த சென்னை ஒரே நாளில் வென்றது. பொங்கலில் எதிரிகளாக நின்றவர்கள் ரஞ்சிப் பந்தயங்களில் ஒரே சென்னை அணியில் சேர்ந்து ஆடினார்கள், ஜான்ஸ்டனும் ஆடினார். உடலும் கரையும் கோர்வையாகிவிட்டன என்பார் பாட்டனார்.

சுதந்திரம் வந்தது. ஐரோப்பியர் அணிக்கு ஆள் அருகியது. 1951-52-ம் வருஷத்து ஆட்டமே கடைசி. அடுத்த பொங்கலுக்குத் தறி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ட தமையனார், "ஏண்டா, பட்டணம் போகவில்லையா?" என்றார்.

"எதிரே ஆட ஆளில்லையே, அண்ணே!"

"அதற்குத்தானேடா நாங்கள் ஜெயிலுக்குப் போனோம்!"

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் அன்று பாட்டனார் நெய்த கோர்வையில் பல இழைகள் பிசகியிருந்தனவாம். ஒழியவேண்டியதே ஒழிந்தது என்பதை அவர் அறிவார். நிறத்தை வைத்து மனிதரை இரு கட்சியாக்குவது என்றைக்கும் நியாயமாகாது. என்றாலும், முப்பது பொங்கல்களை ஒருவன் எதிரியோடு கழித்துவிட்டால், அவன் போகும்போது நெஞ்சில் ஓரிடம் வெறுமையாகத்தான் செய்கிறது.

1955-ல் சென்னை அணி ஹோல்காரை இந்தூரில் வீழ்த்தி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றிற்று. அன்றைய பத்திரிகையைத் தறிக்குழிக்கு எடுத்துவந்து உரக்கப் படித்தவர் கதர்க்காரத் தமையனார். தறி நின்றது. அன்றைய கூலி போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.