கரும்பும் கரண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எத்தனால் கலந்த பிறகு மைலேஜ் பாதியாகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தாய். பாதி என்பது கதை. எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் குறையும், அவ்வளவே.

எத்தனால் எடுக்கும் எங்கள் டிஸ்டில்லரியில் நொதித்த சாற்றில் ஆல்கஹால் பத்து சதவீதம்கூடத் தேறாது. அதை 99.5-க்குக் கொண்டுவர ராப்பகலாக நீராவி வேண்டும். பிழிந்த கரும்பின் சக்கையே பாய்லருக்குள் போய் அதைக் கொடுத்துவிடுகிறது, மிச்சத்தில் கரண்டும் எடுக்கிறோம். மக்காச்சோளத்தில் எடுப்பவர்களுக்கு ஏது சக்கை? நிலக்கரியோ உமியோ காசு கொடுத்து வாங்கித்தான் எரிக்க வேண்டும். இரண்டையும் பசுமை எரிபொருள் என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

"கரண்டும் நிலக்கரியில்தானே வருகிறது, பேட்டரி ஸ்கூட்டரால் என்ன லாபம்?" என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியில், அந்த ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. முக்கால்வாசி எஞ்சின் சூட்டிலும் சைலன்சர் புகையிலும் போய்விடும். பேட்டரி வண்டிக்கு அதே தூரத்துக்கு ஒன்றரை யூனிட் போதும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது. லைனிலும் சார்ஜரிலும் இன்னும் கொஞ்சம் கழியும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் 6 யூனிட்டுக்குள் அடங்குகிறது. புகைக் கணக்கில் இந்த வித்தியாசம் சுருங்கும், நிலக்கரி அப்படிப்பட்டது.

ஒரு ஏக்கரில் 40 டன் கரும்பு. சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் டன்னுக்கு 70 லிட்டர் வீதம் 2,800 லிட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் 84,000 கிலோமீட்டர் ஓடலாம். அதே ஏக்கரில் சோலார் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் யூனிட். பேட்டரி வண்டி 90 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எத்தனாலில் சம்பளம் வாங்குகிற நானே இதைச் சொல்கிறேன்.

அதற்காக உன் வயல் கரும்பை அழித்துவிடாதே. மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஒரு கிலோவாட் பேனல் போட்டால் நாளுக்கு நாலு யூனிட் கிடைக்கும், உன் ஓட்டத்துக்குத் தாராளம். மோட்டார் கொட்டகை இலவசக் கரண்டில் மட்டும் சார்ஜ் போடாதே, ஈ.பி. ஆட்கள் பார்த்தால் வம்பு. பேட்டரிக்கு எத்தனை வருஷ வாரண்டி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

அரவை முடிந்ததும் ஊருக்கு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்