நெடுங்கால் ஈக்குப் பெயர் வைப்பது

ஹவாய்த் தீவுகளில் கேம்ப்சிக்னெமஸ் சார்லிசாப்ளினி என்று ஒரு ஈ இருக்கிறது. 1996இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் நீல் எவென்ஹுயிஸ், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்து ஈ நிபுணர். செத்த பிறகு இந்த ஈயின் நடுக்கால்கள் வளைந்து, சாப்ளின் நிற்கிற மாதிரியே ஆகிவிடுகின்றனவாம். இன்னொரு ஈக்கு பீஸா கேக் என்று பெயர் வைத்ததும் இதே மனிதர்தான்.

முதலில் படித்தபோது சிரித்தேன். அப்புறம் 'செத்த பிறகு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கிற ஆள் அதை உயிரோடு பார்த்ததைவிடச் செத்துப் பார்த்ததுதான் அதிகம். அந்த நகைச்சுவையே ஊசியில் குத்திய ஈக்களை வரிசையாக வைத்துப் பார்த்தவருக்குத்தான் தோன்ற முடியும்.

சார்லி சாப்ளின் ஈயின் குடும்பத்துக்கு டாலிக்கோபோடிடே என்று பெயர். கிரேக்கத்தில் நீண்ட கால் என்று பொருள். உலகம் முழுக்க இதுவரை 7,000க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்திருக்கிறார்கள். தமிழில் வழக்கமான பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை. பறவைக்காரர்கள் பிபிட்டுக்கு 'நெட்டைக்காலி'யை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பள்ளிக்கரணையில் 'நெடுங்கால் உள்ளான்' நின்றுகொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பதை வைத்து நான் 'நெடுங்கால் ஈ' என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் பார்க்க ஹவாய் போக வேண்டாம். ஆதம்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் கற்பூரவல்லித் தொட்டி ஒன்று இருக்கிறது. காலை எட்டு மணி வெயிலில் அதன் இலைமேல் பச்சை உலோகத் துணுக்கு மாதிரி ஒன்று வந்து உட்காரும். அரிசியைவிடச் சின்னது. வீட்டு ஈ மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு சோம்பலாக இருக்காது. உயரமான கால்களில் உடம்பைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, இலைக்கு இலை டக் டக்கென்று இடம் மாறும். வேட்டைக்காரன். அசுவினி, இலைப்பேன் மாதிரி மெல்லிய உடம்புப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். வெளிச்சம் சரியாக விழுந்தால் கண்ணில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி வரிசை கட்டும்.

போனில் படம் எடுப்பது பெரிய போராட்டம். பிளாஷ் போட்டால் படத்தில் இலை மட்டும் இருக்கும், அல்லது கிளம்பிவிட்ட ஈயின் கலங்கல். நம் கை மட்டும் காரணமில்லை. 2011இல் ஆந்த்ரே சௌரக்கோவ் என்ற பூச்சியியலாளர் கான்டிலோஸ்டைலஸ் என்ற நெடுங்கால் ஈயைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பிளாஷைப் பார்த்து அது கிளம்ப எடுத்துக்கொள்கிற நேரம் 5 மில்லிசெகண்டுக்கும் குறைவு. நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் திரை அடுத்த பிரேமுக்கு மாறவே 16 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. நான் பார்க்கிற ஒரு பிரேமுக்குள் அது மூன்று முறை பயந்து ஓடலாம்.

எப்படியோ நாலைந்து நல்ல படம் கிடைத்தது. கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் நண்பருக்கு அனுப்பி, என்ன இனம் என்று கேட்டேன். "குடும்பம் சொல்லலாம். பேரினம் உத்தேசமா சொல்லலாம். அதுக்கு மேல படத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஆணா?" என்றார். எனக்கெப்படித் தெரியும்? "ஆணா இருந்தா வால் நுனி வயித்துக்கு அடியில மடிஞ்சிருக்கும். அதுதான் வேணும்."

நெடுங்கால் ஈக்களில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்புதான். உடம்பு அளவுக்கு அது ரொம்பப் பெரியது, மடித்துவைத்த பேனாக்கத்தி மாதிரி அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில இனங்களில் ஆணின் காலில் கறுப்புக் கொடி மாதிரி தூவிகள் இருக்கும். பெண்ணுக்கு முன்னால் நின்று அதை ஆட்டிக் காட்டும். பெண்களுக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது என்பதால் பல இனங்களில் பெண் யாரென்றே சொல்ல முடிவதில்லை. ஆணை முன்வைத்து மொத்த இனத்தையும் வரையறுத்துவிட்டு, பெண் 'அறியப்படவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். புதிய இனங்களின் விவரிப்புகளில் இந்த வரி அடிக்கடி வருகிறது.

ஒரு புதிய இனத்தைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று செய்தியில் வாசிக்கும்போது யாரோ காட்டில் இலையை விலக்கிப் பார்த்த கணம்தான் நமக்குத் தோன்றுகிறது. அந்தக் கணத்தில் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வேலை மேசையில் நடக்கிறது. ஈயின் வால் நுனியை வெட்டியெடுத்து, காரத்திலோ லாக்டிக் அமிலத்திலோ ஊறவைத்து, சதை கரைந்து ஓடு கண்ணாடியாகத் தெரிந்ததும் கிளிசரினில் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைய வேண்டும். முதுகில் எத்தனை தூவி, எந்த வரிசையில் என்று எண்ண வேண்டும். ஆறு கால்களிலும் ஒவ்வொரு கணுவின் நீளத்தையும் அளந்து, விகிதமாக எழுத வேண்டும். அந்தப் பகுதியைப் பார்த்தால் யாரோ கோடில் எழுதிவைத்த அரே மாதிரியே இருக்கும். உவமை கிடையாது, 'அழகிய' கிடையாது. இடுப்பு மஞ்சள், தொடை மஞ்சள், கடைசிக் கணு கறுப்பு. இவ்வளவு வறண்ட உரைநடையை நான் விரும்பிப் படிப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

விதிப்புத்தகத்தில் பட்டம் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் விவரிக்கலாம். விவரிப்பு முறையாக வெளியாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட உடலை ஹோலோடைப் என்று அறிவிக்க வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிட்டால், 2012இலிருந்து, ஸூபேங்க் என்ற பதிவேட்டிலும் பதிய வேண்டும். தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடையில்லை, ஆனால் வைத்தால் சிரிப்பார்கள். கஷ்டமான விதி ஒன்றே ஒன்றுதான்: முதலில் வைத்தவர் பெயரே செல்லும். கணக்கு 1758இல், லின்னேயஸிலிருந்து தொடங்குகிறது. இருநூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக எதையும் டெலீட் பண்ணாத ஒரு கோட்பேஸ். நான் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், இது ஏற்கெனவே உள்ளே இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

உள்ளே இருப்பதில் நிறைய நம் பக்கத்தவை. தரங்கம்பாடியிலிருந்து போன பூச்சிகளுக்கு டென்மார்க்கின் ஃபேப்ரீசியஸ் லத்தீனில் பெயர் வைத்தார். ஈக்களுக்கென்றே 1805இல் தனிப் புத்தகம் போட்டார். இந்தோ-ஆஸ்திரேலியப் பகுதியின் நெடுங்கால் ஈக்களைப் பற்றித் தியடோர் பெக்கர் 1922இல் எழுதியது ஜெர்மன். அவருக்குப் பின் ஏராளமாக விவரித்த ஒக்தாவ் பாரான் பிரெஞ்சுப் பாதிரியார், எழுதியது பிரெஞ்சு. பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைப் பற்றி 1912, 1920, 1923 ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதிய என்ரிக்கோ புருனெட்டிக்குத் தொழில் சங்கீதம். கல்கத்தாவில் வாத்தியம் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் மியூசியத்தில் ஈ பார்த்தவர். பகலில் டிக்கெட் மூடிவிட்டு ராத்திரியில் தூவி எண்ணுகிற என்னைப் போன்றவர்களுக்கு இவர் குலதெய்வம்.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் எதையும் விவரிக்காத ஒருவர். பி. சூசை நாதன். காரைக்காலுக்குப் பக்கத்தில் குரும்பகரம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுகள் பூச்சி பிடித்து வெளிநாட்டு மியூசியங்களுக்கும் நிபுணர்களுக்கும் அனுப்பியவர். நெடுங்காடு, வாளையார் காடு, ஆனைமலையில் சின்கோனா என்று அவருடைய சீட்டுகளில் ஊர்கள் வரும். ஒட்டாவாவிலும் லண்டனிலும் இழுப்பறையைத் திறந்தால் ஊசிக்குக் கீழே தஞ்சாவூர் ஜில்லா. அமெரிக்காவில் சார்லஸ் அலெக்ஸாண்டர் என்றொருவர் தன் வாழ்நாளில் 10,000க்கும் மேற்பட்ட கிரேன் ஈக்களை விவரித்தார். அவற்றில் தென்னிந்தியாவிலிருந்து வந்த பல நாதன் அனுப்பியவை. அறிவியல் பெயர்களில் 'நாதனி' என்று முடிகிற பூச்சிகள் பல உண்டு. நம்மூரில் அந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? புழுதியில் நடந்து வலைவீசியவருக்குப் பின்னொட்டு, மேசையில் உட்கார்ந்தவருக்கு ஆசிரியர் பெயர் என்கிற பங்கீடு எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நாதனின் சீட்டுகள் இல்லையென்றால் அந்த ஈக்கள் எந்த ஊர் என்றே தெரியாமல் போயிருக்கும் என்பதும் உண்மை. ஊர், உயரம், மாதம், பெயர்: நாலு விஷயத்தைப் பொடி எழுத்தில் விடாமல் எழுதியிருக்கிறார்.

இப்போது அப்படி அனுப்ப முடியாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தில் 39ஆவது பிரிவு, இங்கே புதிதாகக் கண்டறிகிற உயிரினத்தை அதற்கென்று அறிவித்த நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தேசிய ஆணையம் இருப்பது தரமணியில், டைசல் பயோ பார்க்கில். ஐ.டி. ஆட்கள் எல்லோருக்கும் டைடல் தெரியும், ஓரெழுத்து தள்ளி இருக்கிற இதைத் தெரியாது. விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் சாந்தோமில். ஆதம்பாக்கத்திலிருந்து இரண்டும் பைக் தூரம். ஈயின் உடல் ஊரிலேயே இருக்கும் என்பது நல்ல ஏற்பாடு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய உடல்களில் பல கடல் தாண்டி இருப்பதற்குத்தான் வழியில்லை.

இதெல்லாம் படித்து முடித்தபோது வேறொன்று உறைத்தது. ஆண் ஈ வேண்டுமென்றால் கொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் கொசு பேட் கையில்தான். பட் பட்டென்று வெடிக்கிற சத்தத்தில் ஒரு திருப்திகூட உண்டு. அதே கைக்கு இந்த ஈ விஷயத்தில் தயக்கம் வந்தது. ஒரு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எந்த இலையில் உட்காரும் என்று தெரியும். நண்பர் சொன்ன முறை எளிது: மஞ்சள் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி நாலு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விட்டு வெயிலில் வை. மஞ்சளுக்கு வந்து இறங்கும். சோப்புத் தண்ணீரில் மிதக்க முடியாது.

அம்மா மாடிக்கு வந்து பார்த்தாள். "எதுக்குடா பேசினு?"

"ஈ பிடிக்கம்மா. இதுக்குப் பேரே இல்லாம இருக்கலாம்."

"பேர் இல்லாட்டி அதுக்கு என்ன குறைச்சல்?"

பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் பேசினை வைக்கவும் இல்லை.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நெடுங்கால் ஈக்களின் புழுக்கள் பெரும்பாலும் ஈர மண்ணிலும் சேற்றிலும் மட்கிய இலையிலும் வளர்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. மழைக்குத் தண்ணீர் நிற்கும், எருக்கும் ஆமணக்கும் மண்டும், மாநகராட்சிக்குப் புகார் போகும். போன கோடையில் அங்கே கம்பி வந்து இறங்கியது. இப்போது ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கும் டைல்ஸ். இந்த ஈக்கள் அந்த மனையிலிருந்து வந்தனவா, ஏரிப்பக்கத்திலிருந்து வந்தனவா? ஏரிக்கரையும் சிமெண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது.

கோஸ்டா ரிக்காவில் சுர்கீ என்ற இடத்தில் வெறும் 4 ஹெக்டேர் மேகக்காட்டில் தேடியபோது 4,332 இன ஈக்கள் கிடைத்தன. அந்த ஆய்வு 2018இல் வெளியானது. கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர். அது மேகக்காடு இல்லை, அப்படியே பெருக்கிப் பார்க்க முடியாது. ஆனால் சிங்கப்பூரின் அலையாத்திச் சேற்றில் மட்டும் பாத்ரிக் க்ரூடார்ட் வரிசையாகப் புதிய நெடுங்கால் ஈக்களை விவரித்திருக்கிறார், கண்ணாடிக் கோபுரங்களுக்குப் பக்கத்திலேயே. அடையாறு முகத்துவாரத்தின் சேறு எந்த விதத்தில் குறைந்தது?

டைல்ஸ் போட்டதில் எத்தனை ஈ போயிருக்கும் என்று யாரும் எண்ணப்போவதில்லை. பன்னிரண்டை நான் எண்ணி எடுக்கலாம் என்று தோன்றியது. இது நியாயமா, சமாதானமா என்று கேட்டால் பாதிப் பாதி. மூன்றாவது நாள் பேசினை வைத்தேன்.

பன்னிரண்டில் ஆண்கள் நான்கு. எத்தனால் குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு: ஆதம்பாக்கம், மொட்டைமாடி, தேதி, என் பெயர். நண்பர் தன் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "பேரினம் கான்டிலோஸ்டைலஸ்னு நினைக்கிறேன். புதுசான்னு மட்டும் கேக்காத. பழசு எல்லாத்தையும் பார்த்துட்டு வா" என்றார். தொண்ணூறு சதவீதம் பழசாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். சொன்ன விதத்தில் மிச்சம் பத்தும் மரியாதைக்குத்தான் என்று பட்டது.

ஆகவே இப்போது சனிக்கிழமைகளில் பெக்கரின் 1922 ஜெர்மனை மொழிபெயர்ப்பு ஆப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தூவி, முடி, நூல், ஊசி எல்லாவற்றையும் அது 'முடி' என்றே தருகிறது. நான்கு ஆண்களில் மூன்றுக்கு நடுக்கால் ஒரே மாதிரி. நான்காவதின் கணு நீளம் மட்டும் பொருந்தவில்லை. மூன்று முறை அளந்துவிட்டேன். கால் வளைந்திருந்ததால் அப்படித் தெரிகிறதோ என்று நண்பர் கேட்கிறார். அடுத்த வாரம் நிமிர்த்திவைத்து மறுபடியும் அளக்க வேண்டும்.