முரசுமோட்டை முற்றத்தில் ஒரு பகல்

வன்னிப் பெருநிலத்தில் வாகனம் ஓட்டுகிற எவருக்கும் அங்கே இருவகை வீதிகள் உண்டென்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். யுத்தம் முடிந்த பின்னர் புதுப்பித்து அமைக்கப்பட்ட ஏ-9 நெடுஞ்சாலை ஓமந்தையைக் கடந்து, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஆனையிறவை நோக்கிச் செல்வது. காபெற் வீதி என்று சனங்கள் சொல்லும் அந்தக் கறுப்புப் பாதையில் எவ்வளவு பழைய காரும் மௌனமாகவே ஓடும். அதை விட்டு இடப்புறமோ வலப்புறமோ திரும்பி, குளக்கட்டோரமும் வாய்க்காலோரமும் வயல் நடுவிலுமாகச் செல்லும் கிறவல் வீதிகளில் இறங்கினாலோ, மாரி மழை வாரிச் சென்ற கிடங்குகளும், கோடையில் சில்லுகள் அடித்து எழுப்பிய அலை அலையான மேடுகளும் சேர்ந்து, காரின் அடியிலுள்ள ஒவ்வொரு தளர்ச்சியையும் வெளிப்படுத்தி விடும்.

முப்பது வருஷங்களுக்கு முன் ஜப்பானில் செய்யப்பட்டுப் பல கை மாறி என்னிடம் வந்து சேர்ந்த எனது கார், சென்ற வைகாசி தொடங்கி, கிறவலில் இறங்கியவுடன் முன்பக்கத்தில் 'டொக், டொக்' என்று கதவைத் தட்டுவது போன்ற ஒரு சத்தத்தை எழுப்பியது. மெதுவாகச் சென்றால் கேட்கும். வேகம் கூடினால் மற்றச் சத்தங்களில் அமிழ்ந்து விடும். காபெற் வீதியில் அறவே இல்லை. வேலைத்தலம் ஒன்றில் காட்டியபோது, முன் சொக் இரண்டும் பழுதென்று சொல்லி மாற்றித் தந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. என் மனக்குறையைக் கேட்ட கமக்காரர் ஒருவர், "முரசுமோட்டையில ஒரு அண்ணை இருக்கிறார், அவரிட்டக் கொண்டுபோங்கோ. அவர் கழட்ட முந்திக் காது குடுத்துக் கேப்பார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வவுனியாவிலிருந்து புறப்பட்டுப் போனேன்.

பரந்தனில் நெடுஞ்சாலையை விட்டு முல்லைத்தீவு வீதியில் கிழக்கே திரும்பிச் சில கிலோமீற்றர் சென்றால் முரசுமோட்டை. 1920 இல் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் இருபுறமும் சிறுபோகப் பயிரோடு மஞ்சள் கட்டி நின்றன. நான் தேடிச் சென்ற வேலைத்தலத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. படலையைத் திறந்தால் ஒரு வீட்டு வளவு. ஒரு பக்கம் கிணறும் வாழைகளும், மறுபக்கம் மாமரத்தின் கீழே தகரக் கொட்டில். கொட்டிலுக்குள் இயந்திரம் கழற்றப்பட்ட உழவு இயந்திரம் ஒன்று நின்றது. அறுபது வயதைத் தாண்டிய அந்த அண்ணை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மருமகனோடு ஒரு நீர்ப்பம்பியைத் திருத்திக் கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒன்றும் பேசவில்லை. காரின் பொனற்றைத் திறக்கவுமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன் ஆசனத்தில் அமர்ந்து, "ஓட்டுங்கோ தம்பி, கேப்பம்" என்றார்.

வாய்க்கால் ஓரப் பாதையில் ஓரிடத்தில், நீர்க்குழாய் ஒன்று குறுக்கே புதைக்கப்பட்டு மண் சற்றே மேடிட்டிருந்தது. அதை நேராகக் கடக்கச் சொன்னார். இரண்டு முன்சில்லுகளும் ஒருசேர ஏறி இறங்கின, சத்தமில்லை. பின்பு காரைத் திருப்பி, ஒரு சில்லு மாத்திரம் மேட்டில் ஏறும்படி சாய்வாகக் கடக்கச் சொன்னார், 'டொக்' என்றது. இவ்விதம் நான்கைந்து தரம் செய்த பின், இறங்கிக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, சில்லுகள் நிலத்தில் பாரத்தோடு நிற்கும் நிலையிலேயே உள்ளே கையை விட்டு, மருமகனைக் காரின் முன்மூலையைப் பிடித்து ஆட்டச் சொன்னார். "ஸ்ரெபிலைசர் பார் புஷ் போட்டுது. சொக்கில பிழை இல்லை, பாவம்" என்று சொல்லி எழுந்தபோது, ஆயிரக்கணக்கில் செலவழித்தும் எனக்கு விளங்காத ஒன்று, கால் மணி நேரத்தில், ஒரு போல்ற்றைக்கூடத் தொடாமல் விளங்கி விட்டது.

வாசகர்களுக்கு அந்தத் தண்டின் காரியத்தைச் சற்று விளக்க வேண்டும். காரின் முன்புறத்தே, இரண்டு சில்லுகளுக்கும் இடையில், குறுக்காகக் கிடக்கும் வில்லுருக்குத் தண்டே ஸ்ரெபிலைசர் பார். அதன் நடுப்பகுதி இரண்டு றப்பர் புஷ்களின் ஊடாக, இரும்புப் பட்டிகளால், வாகனத்தின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். வளைந்து செல்லும் முனைகள், சில்லைத் தாங்கும் கைகளோடு சிறு லிங்க்குகளினால் சேர்ந்திருக்கும். இரு சில்லுகளும் சேர்ந்து ஏறி இறங்கும்போது தண்டு தன் புஷ்களுக்குள் வெறுமனே உருளும். ஒன்று ஏற மற்றது தாழும்போதோ, வளைவில் கார் ஒருபுறம் சாயும்போதோ, தண்டு முறுக்குண்டு, அந்த முறுக்கின் எதிர்ப்பினாலேயே சாய்வை அடக்கும். அவ்வேளையில் முழுப் பாரத்தையும் ஏற்பவை உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த இரண்டு றப்பர் துண்டுகளே. அவை தேய்ந்து இடைவெளி விட்டால், தண்டு பட்டியின் இரும்பில் மோதும். நான் கேட்ட சத்தம் அதுதான்.

வேலை தொடங்கியது. தற்போது அநேக வேலைத்தலங்களில் இரும்புத் தாங்கிகள் உண்டு. இவரிடமும் இரண்டு இருந்தன. ஆயினும் அவற்றுக்குப் பக்கத்தில், வயிரம் பாய்ந்த பனங்குற்றிகள் இரண்டையும் துணைக்கு வைத்த பின்னரே மருமகனைக் கீழே போக விட்டார். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கடியில் தலை வைக்கக் கூடாதென்பதை அவர் அந்தப் பையனுக்கு நான் பார்த்திருக்கவே இரண்டு தரம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: ஒரு பக்கத்தை மாத்திரம் உயர்த்திக்கொண்டு பட்டியைக் கழற்றினால், முறுக்குண்டு நிற்கும் தண்டு துள்ளிக் கையை உடைக்கும், ஆகவே இரு பக்கமும் ஒரே அளவில் உயர வேண்டும். புத்தகத்தில் எச்சரிக்கையாக ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த உண்மையை, அவர் தன் இடது கையின் வளைந்த சுண்டுவிரலைக் காட்டி விளங்கப்படுத்தினார்.

கழற்றி எடுத்த புஷ்ஷை என் கையில் தந்தார்கள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும், தண்டின் மேல் விரித்துப் போடுவதற்கு ஒரு வெட்டோடும் செய்யப்பட்ட சின்னப் பொருள். வட்டமாயிருக்க வேண்டிய அதன் துவாரம் கீழ்நோக்கி இழுபட்டு முட்டை வடிவமாகி இருந்தது. உட்புறம் கண்ணாடி போல் பளபளத்தது; வெட்டின் ஓரத்தில் வன்னியின் சிவந்த மண் மாவாகப் படிந்திருந்தது. தண்டிலும் அவ்விடத்தில் கறுப்பு மை உரிந்து, விரலுக்கு மோதிரம் போட்டாற்போல ஒரு வெள்ளி வளையம் மின்னியது. "கிறவல் தூசி உள்ள போனா எமரித்தாள் மாதிரி, தம்பி. றப்பரையும் தின்னும், இரும்பையும் தின்னும்" என்றார் அண்ணை. ஒரு பக்கத்துப் புஷ்ஷே அதிகம் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதும் அவர் விதி.

மருமகன் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்தவன். 2016 இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனம் இப்பிரதேசத்துப் பிள்ளைகளுக்குச் செய்துவரும் உபகாரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வேலை தொடங்குமுன் நான் வாங்கி வந்திருந்த புதிய புஷ்களை அவன் வேணியரால் அளந்து, "மாமா, இது 23 மில்லிமீற்றர். எங்கட பார் 22" என்றான். அதே பெயருடைய காரே வருஷத்துக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப வெவ்வேறு தடிப்புள்ள தண்டுகளோடு வருவதுண்டு. விற்ற கடைக்காரர் பெயரை மாத்திரம் கேட்டுத் தந்துவிட்டார். ஒரு மில்லிமீற்றரில் என்ன இருக்கிறதென்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். தண்டின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடுவதால், 22 க்கும் 23 க்கும் இடையே ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வித்தியாசம் உண்டென்றும், புஷ்ஷிலோ அந்த ஒரு மில்லிமீற்றர் இடைவெளியே முதல் நாளிலிருந்து சத்தமாகிவிடும் என்றும் அவன் அடக்கத்தோடு விளக்கினான். மாமன் அதைக் கேட்டுக்கொண்டிருந்த முகபாவம் எனக்கு இன்னும் நினைவிலிருக்கிறது. சரியான அளவு வாங்கிவர அவன் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனான்.

அந்த இடைவேளையில், மாமரத்தடியில், தேத்தண்ணியோடு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, அண்ணை தான் தொழில் பழகிய காலத்தைச் சொன்னார். 1990 ஆனியில் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு, வடக்குக்குக் கொண்டுவரத் தடுக்கப்பட்ட பொருட்களில் பெற்றோலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் அடங்கின. 2002 சித்திரையில் ஏ-9 பாதை திறக்கப்படும்வரை, பன்னிரண்டு வருஷங்கள், வன்னியில் ஓடிய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். வெண்புகை பின்னால் திரள, நெடி உடுப்பில் ஏற, நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அப்படித்தான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்களானபடியால் அந்த எண்ணெயை அவை சகித்தன. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கப் பண்ணுமாதலால், அதை அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்றவோ எண்ணெய் கிடையாது. 1996 இல் கிளிநொச்சி நகரம் கைவிட்டுப் போனபின் அவர் மல்லாவியில் ஒரு கொட்டிலில் வேலை செய்தார். அங்கே புஷ் தேய்ந்த காருக்குப் பழைய லொறி ரயரின் பக்கச் சுவரை வெட்டி, சூடேற்றிய கம்பியால் துளையிட்டு, கத்தியால் செதுக்கிப் போட்டார். அதுவும் இல்லாவிட்டால் சைக்கிள் ரியூபைக் கீற்றாகக் கிழித்துத் தண்டில் இறுக்கிச் சுற்றிப் பட்டியைப் பூட்டினார். "மூண்டு மாசம் நிக்கும். மூண்டு மாசத்தால திரும்பச் சுத்துவன்" என்றார்.

இந்தத் தேசத்தின் றப்பர் வரலாறு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பிறேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876 இல் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து, பிற்காலத்தில் களுத்துறையும் கேகாலையும் இரத்தினபுரியும் றப்பர் மரங்களால் நிறைந்தன. அந்தப் பால் சுரக்கும் மரங்கள் இருந்த அதே தீவில், சில நூறு கிலோமீற்றர் வடக்கே, ஒரு மனிதர் குப்பையில் கிடந்த ரயரைக் கத்தியால் செதுக்கிக் கொண்டிருந்தார் என்பதை நினைக்க நெஞ்சு கனத்தது. 2009 இல் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்து போகையில் அவர் தம் தொழிற்கருவிப் பெட்டியை ஒரு தென்னையடியில் புதைத்தாராம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டு வந்து தேடியபோது தென்னையும் இல்லை, பெட்டியும் இல்லை. இதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வறுமைக் காலத்துப் பழக்கம் பின்னரும் பயன்பட்டது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 மாசியிலேதான் மறுபடி வழி திறந்தது. இடையில் 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது, ஆனி முடிவில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமானுக்கும் பொன்விலை கேட்டார்கள். அந்நாட்களில் தெற்கிலிருந்துகூடத் தன்னிடம் கார் வந்ததென்று அவர் சொன்னபோது குரலில் பெருமிதம் இருந்தது; அது நியாயமான பெருமிதம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை அனுபவத்தின் பேரில் பரீட்சித்து வழங்கும் முறை நாட்டில் உண்டு. அதற்கு விண்ணப்பிக்குமாறு மருமகன் பல நாளாக வற்புறுத்துகிறான், அவருக்கு மனமில்லை. அவர் பெற வேண்டுமென்பதே என் அபிப்பிராயம். பெறாவிட்டால், இந்தக் கைகளுக்குத் தெரிந்தது இன்னதென்று எங்கும் எழுதப்படாமலே போய்விடும்.

பையன் திரும்பி வந்தான். தண்டின் வெள்ளி வளையத்தை எமரித்தாளால் மென்மையாகத் துடைத்து, மண்ணைக் கழுவி, புதிய புஷ்ஷைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து விரித்துப் போட்டார்கள். கிறீஸ் பூசினால் சுலபமாயிருக்காதா என்று கேட்டேன். "கிறீஸ் இயற்கை றப்பருக்கு நஞ்சு. ஊறி வீங்கிச் சக்கையாப் போகும்" என்றார் அண்ணை. சவர்க்காரமே கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த அந்த நாட்களில் வெறுந்தண்ணீரிலே நனைத்துப் போட்டாராம். வெட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே பார்க்க வைத்து, பட்டியை ஏற்றி, போல்ற்றுகளை விரலால் திருகிவிட்டுக் காரை இறக்கினார்கள். பாரம் சில்லில் ஏறிய பின்புதான் கடைசி இறுக்கம். மருமகன் அளவு காட்டும் ஸ்பானரை எடுத்து இறுக்கினான். 'கிளிக்' என்று அது சொன்னதும் நிறுத்தினான். மாமன் தன் பழைய ஸ்பானரை அதே போல்ற்றில் வைத்து மணிக்கட்டால் ஒரு தரம் தொட்டுப் பார்த்து, "சரி" என்றார்.

மறுபடி வாய்க்கால் பாதைக்குப் போனோம். அதே மேட்டை நேராகவும் சாய்வாகவும் கடந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கிறவல் அரைபடும் ஓசையும் வயலில் கொக்குகளின் சிறகொலியும் தவிர வேறொன்றும் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. "இடப்பக்க லிங்க் மெல்லக் கதைக்கத் தொடங்குது. இப்ப ஒண்டும் செய்ய வேண்டாம். மாரிக்கு முந்தி ஒருக்கா வாங்கோ" என்றார்.

அண்ணையின் வளவுக்குத் திரும்பியபோது படலையடியில் ஒருவர் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பதற்றத்தோடு காத்திருந்தார். அறுவடைக்கு நாள் வைத்தாயிற்று, இயந்திரம் இழுக்குதில்லை, உடனே கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணை என் காரிலிருந்து இறங்கி, பழைய புஷ் இரண்டையும் பால்மா ரின்னுக்குள் போட்டுவிட்டு, அவரை நோக்கி நடந்தார்.

"கழட்டலாம். முதல் ஸ்ராட் பண்ணு, கேப்பம்."