சாயத்தின் மேல் சாயம்

 

செங்கல்பட்டில் பெண்கள் மத்ரஸா ஒன்றில் பாடம் சொல்லித் தருபவள் நான். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்கள் சற்று நின்று ஏதேனும் ஓர் ஐயம் கேட்பது வழக்கம். நரைத்த தலைக்கு நிறமூட்டுவது கூடுமா என்பது அவர்களுடைய பழைய கேள்வி. இப்போதெல்லாம் வேறொரு கேள்வியும் வருகிறது: "பல வருடமாகக் கறுப்புச் சாயம்தான் பூசுகிறேன், ஆலிமா. அதை விட்டுவிட்டு மருதாணிக்கு மாறலாமா?"

தாராளமாக மாறலாம். ஆனால், ஏற்கெனவே சாயம் ஏறிய முடியின் நிறத்தை மாற்றுவது வெள்ளைத் துணிக்குச் சாயம் போடுவது போன்றதன்று; கறுப்புத் துணியைச் சிவப்பாக்க முயல்வது போன்றது. இதனை அறியாமல் அவசரப்படுபவர்கள் முடியை மட்டுமன்று, உடல்நலத்தையும் இழக்க நேரிடலாம்.

மார்க்கம் இதில் சொல்வதை நாம் அறிவோம். ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630 இல், மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூ குஹாஃபா அழைத்து வரப்பட்டார். அவருடைய தலையும் தாடியும் வெண்பூப்போல் நரைத்திருந்தன. அந்நரையை ஏதேனும் ஒரு நிறத்தால் மாற்றுமாறும், கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மருதாணியும் 'கதம்' எனும் செடியும் சிறந்தவையெனச் சொல்லப்பட்டுள்ளன. கறுப்பு முற்றாக விலக்கப்பட்டதா, வெறுக்கத்தக்கது மட்டுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஆலிம்களிடம் விட்டுவிட்டு, மாற விரும்பும் பெண் எப்படி மாறவேண்டும் என்பதை மட்டும் இங்கே பேசுவோம்.

என் அக்கா கோவளத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள அக்கடற்கரையில் உப்புக்காற்றும் வெயிலும் மிகுதி. கடலில் விளையாடும் சிறுவர்களின் தலைமுடி செம்பட்டையாகிப் போவதை அங்கே காணலாம். வெயில், முடியின் இயற்கை நிறத்தையே சிதைக்க வல்லது. பூசிய சாயத்தை விட்டுவைக்குமா? அக்காவின் சாயமும் இரண்டே வாரத்தில் வெளிறும். மீண்டும் பூசுவார். இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு குறையுமின்றிக் கழிந்தன.

சென்ற ஆண்டு ஒருநாள், சாயம் பூசிய மறுநாள் காலையில் உச்சந்தலை அரித்தது. மாலைக்குள் நெற்றி தடித்து, இமைகள் வீங்கிக் கண்களைத் திறக்க முடியவில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். சாயத்திலுள்ள ஒரு வேதிப்பொருளை அவருடைய உடல் ஏற்க மறுத்துவிட்டதென்றும், இனி ஆயுளுக்கும் அதனைத் தொடக்கூடாதென்றும் தோல் மருத்துவர் எச்சரித்தார்.

அக்கா மகனின் நிக்காஹுக்கு அப்போது ஆறே வாரங்கள் இருந்தன. வகிட்டில் ஒரு விரற்கடை வெண்மை. அதற்குக் கீழே இடுப்புவரை கறுப்பு. மருதாணி பூசினார். வெண்மை மட்டும் செம்மஞ்சளாக மாறியது. கறுப்பு கறுப்பாகவே நின்றது. "சம்பந்தி வீட்டார் முன்னால் இந்தக் கோலத்தோடு எப்படியம்மா நிற்பேன்?" என்று கலங்கினார். சுற்றுலாப் பயணிகள் மிகுந்த வீதியிலுள்ள ஓர் அழகு நிலையத்தில், "முழுவதையும் வெளுத்துவிட்டு, மூலிகைப் பழுப்புச் சாயம் போட்டால் ஒரே நிறமாகிவிடும்" என்று ஆசை காட்டினார்கள்.

சகோதரிகளே, இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

கல்லூரியில் வரலாறு படித்தவளாகையால் அச்சாயத்தின் பிறப்பைத் தேடிப் படித்தேன். 1856 இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட பொருளைக் கொண்டு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அவ்வழியில் வந்த பொருள்களுள் ஒன்றே 'பாரா பினைலின் டையமின்'. 1907 இல் பாரிஸில் யூஜின் ஷூல்லர் என்ற வேதியியலர் தாம் உருவாக்கிய முடிச்சாயத்தை விற்கத் தொடங்கினார். லோரியால் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. இன்றைய கறுப்பு, பழுப்பு நிலைச்சாயங்கள் பலவற்றில் அந்த டையமினோ அதன் உறவுப் பொருளோதான் அடிப்படை. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 2006 இல் இதனை 'அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருள்' என அறிவித்தது. ஐரோப்பிய நாடுகளில், தலையில் பூசும் கலவையில் இது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

இச்சாயம் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். அம்மோனியா போன்ற காரப்பொருள் முடியின் மேற்செதில்களை விரியச் செய்கிறது. நுண்ணிய சாயத்துகள்கள் உள்ளே நுழைகின்றன. உடன் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பெருந்துகள்களாக்குகிறது. நுழைந்த வாசல் வழியே அவை திரும்ப முடியாது. ஆகவே, அதன்மேல் எந்த இளநிறத்தைப் பூசினாலும் கறுப்பு வெளியேறாது. சாயம் சாயத்தை நீக்காது!

பின் எதுதான் நீக்கும்? வெளுப்புத் தூள். அதுவும் கறுப்பை ஒரேயடியாக வெண்மையாக்குவதில்லை. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் எனப் படிப்படியாகவே இறக்கும். அதற்குள் முடி தன் வலிமையை இழந்து வைக்கோலாகிவிடும். பலமுறை சாயம் கண்ட நுனி புதுநிறத்தை மிகுதியாக உறிஞ்சி இருண்டுபோகும்; உடற்சூடு படும் வேர்ப்பகுதியோ வேறு நிறமாகத் தோன்றும். அவுரி ஏறிய முடியை வெளுத்தால் பச்சை நிறம் தலைகாட்டுவதும் உண்டு. உலோக உப்புகள் கலந்த மலிவான 'மருதாணிச் சாயங்கள்' முன்பே ஏறியிருந்தால் பெராக்சைடு பட்டதும் முடி சூடேறி அறுந்துவிழலாம்.

அழகு நிலையத்தார் காட்டிய 'மூலிகை' அட்டைப்பெட்டியை நான் வாங்கிப் பார்த்தேன். முன்புறத்தில் இலைகளும் பூக்களும். பின்புறத்தில் பொடி எழுத்தில் மருத்துவர் தடுத்த அதே டையமின்! பழுப்பு என்பதால் அது வேறு பொருளாகிவிடுமா? அக்காவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டேன்.

நிக்காஹ் நாள் வந்தது. இருநிறக் கூந்தலைப் பின்னி, முக்காடிட்டு, மகனுக்குத் துஆச் செய்தபடி அக்கா சபையில் அமர்ந்திருந்தார். அவருடைய தலைமுடியைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அதன்பின் அவர் மேற்கொண்ட முறை எளியது. மாதந்தோறும் புதிதாக வளரும் வேர்ப்பகுதிக்கு மட்டும் மருதாணி; அது சிவந்தபின் அவுரி இலைத்தூள். நமக்குத் தெற்கே திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் பயிராகும் அவுரிதான். நாட்டு மருந்துக் கடைகளில் தூளாகக் கிடைக்கிறது. வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சிறிது நேரத்திலேயே பூசிவிட வேண்டும். மருதாணிச் சிவப்பும் அவுரி நீலமும் சேர்ந்து ஆழ்ந்த பழுப்பாகின்றன. முழு நிறம் தெரிய ஓரிரு நாள் ஆகும். வேருக்கும் பழைய கறுப்புக்கும் இடையிலிருந்த கோடு இவ்வாறு மங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை இரண்டு அங்குலம் கத்தரித்தார். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். நீண்ட கூந்தல் முழுவதும் மாற மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம். பொறுமைதான் இதற்கு மருந்து.

மாற விரும்பும் சகோதரிகள் சிலவற்றை மனத்தில் இருத்துங்கள். சீப்பில் உதிரும் முடிகளைச் சேர்த்து வைத்து, புதுக்கலவையை முதலில் அவற்றில் பூசிப் பாருங்கள். என்ன நிறம் வருமென்று தெரிந்துவிடும். எப்பொருளானாலும் காதின் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பொறுத்திருங்கள். ஒருமுறை வீக்கம் கண்டவர்களோ, வேதிச்சாயத்தை வீட்டில் சோதித்துப் பார்ப்பதும் ஆபத்து. பெட்டியிலுள்ள எச்சரிக்கையைப் படியுங்கள். புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வை போகக்கூடும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

மருதாணி ஒருபோதும் தனியாகக் கறுப்பாகாது. அரைமணி நேரத்தில் கையைக் கறுப்பாக்கும் 'கறுப்பு மருதாணி' வேதிப்பொருள் கலந்தது. பெருநாளன்று குழந்தையின் கையில் அதனை இட்டால், பிற்காலத்தில் தலைச்சாயம் பூசும்போது முகம் வீங்கும் ஒவ்வாமைக்கு அன்றே வித்திட்டவர்களாவோம். வுளூ, குளிப்பு பற்றியும் அஞ்ச வேண்டாம். மருதாணி நிறம் முடியில் ஊறிய கறையே; நீரைத் தடுக்கும் படலமன்று. பூசிய விழுதை நன்றாகக் கழுவிவிட்டால் போதும்.

எண்ணிப் பாருங்கள்! பன்னிரண்டு ஆண்டுகளாக ஏறிய நிறத்தை ஒரே பிற்பகலில் இறக்கித் தருவதாகச் சொல்பவரிடம் நம் தலையை ஒப்படைக்கலாமா? இவ்வுடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நுனியில் பழைய நிறம் தெரிந்தால் தெரியட்டும். வேரில் வளர்வது நலமாக வளரட்டும். நம் ஆயுளிலும் ஆரோக்கியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.