வினவுதலும் தீர்ப்பிடுதலும்

குதிரைப் பந்தயத்தைப் பற்றிக் குடும்ப இதழொன்றில் எழுதுவதா என வாசகர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். சூதின் தீமையை நாம் மறந்தோமில்லை. பந்தயத்தில் கைப்பொருள் இழந்து, பின்னர் அப்பழக்கத்தை அறவே விட்டொழித்த நண்பர் ஒருவர் அண்மையில் கூறிய சொல்லே நம்மை எழுதத் தூண்டிற்று. “எவரும் எண்ணாத குதிரை வென்றதென்றால், அங்கே சூழ்ச்சி நடந்தது என்றே பொருள்” என்றார் அவர். கேட்டவுடன் தலையசைத்தோம். வீடு திரும்பிய பின்னரே நெஞ்சு உறுத்தியது.

நண்பரின் கூற்றுக்குச் சான்று இல்லாமற் போகவில்லை. 1984 ஆகஸ்டு 18 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஈகிள் ஃபார்ம் திடலில் ‘ஃபைன் காட்டன்’ என்னும் எளிய குதிரை ஓடுவதாக அறிவிக்கப்பட்டது. அதன்மேல் ஒன்று கட்டினால் 33 என்று தொடங்கிய விகிதம், பணம் வந்து குவியவே மூன்றரையாகச் சுருங்கியது. குதிரையும் மயிரிழையில் வென்றது. ஆனால் ஓடியது அக்குதிரையன்று. ‘போல்டு பர்சனாலிட்டி’ என்னும் வேறொரு விரைந்த குதிரை. சாயமும் வெள்ளைப் பூச்சும் கொண்டு அதனை உருமாற்றியிருந்தனர். கூட்டத்தினர் கூச்சலிட்டனர். ஸ்டூவர்டுகள் எனப்படும் பந்தய மேற்பார்வையாளர் குதிரையின் பதிவுச் சான்றைக் கேட்டனர். சான்று வரவில்லை, வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் பந்தயத் திடல்களினின்று விலக்கப்பட்டோருள் கத்தோலிக்கக் குரு ஒருவரும் இருந்தார் என்பதை மறைத்தெழுத நமக்கு மனமில்லை.

எனினும், மற்றொரு வெற்றியையும் எண்ணிப் பார்ப்போம். 1967 ஏப்ரல் 8 அன்று இங்கிலாந்தில், லிவர்ப்பூலை அடுத்த ஏன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் பந்தயம். ஓடியவை 44 குதிரைகள். அவற்றுள் ‘ஃபாய்னாவன்’ வெல்லும் என நம்பியோர் மிகச் சிலரே. அதன் விகிதம் ஒன்றுக்கு 100. தாண்ட வேண்டிய 23-ஆம் தடையருகே, ஜாக்கியை இழந்து தனித்தோடிய குதிரையொன்று குறுக்கே பாய்ந்தது. முன்னே வந்தவை ஒன்றோடொன்று மோதித் தடுமாறி நின்றன. வெகு பின்னால் வந்த ஃபாய்னாவனோ இடைவெளி கண்டு தாண்டி, முன்சென்று வென்றது. அதன் பயிற்சியாளரே அன்று வேறோர் ஊர்ப் பந்தயத்திற்குச் சென்றிருந்தார். இதில் சூழ்ச்சி ஏது? பிரிஸ்பேனில் மோசடி நடந்த அதே 1984-இல், அத்தடைக்கு ஃபாய்னாவனின் பெயரையே சூட்டினர்.

ஆகவே வியப்பு மட்டும் குற்றத்திற்குச் சான்றாகாது. முன்னர்ப் பின்தங்கிய குதிரை திடீரென வென்றால், பயிற்சியாளரை அழைத்து விளக்கம் கேட்பது மேற்பார்வையாளரின் வழக்கம். தரையின் ஈரம் மாறியிருக்கலாம். ஓட்டத்தின் தொலைவோ சுமந்த எடையோ மாறியிருக்கலாம். அவர் கூறும் விளக்கம் பதிவு செய்யப்படுகிறது. தேவையெனில் குதிரையின் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுகின்றன. கேட்கப்பட்டதனால் மட்டுமே எவரும் குற்றவாளி ஆவதில்லை.

இந்தச் சிறு நீதியை நாம் ஒரு சிறுவனுக்கு மறுத்தோம். ஆண்டுகள் பலவாயின. கணக்கில் இருபது மதிப்பெண்ணைத் தாண்டாத மாணவன், அரையாண்டுத் தேர்வில் தொண்ணூற்றொன்று பெற்றான். ஆசிரியராகிய நாம் மகிழவில்லை, வகுப்பின் நடுவே, “யாரைப் பார்த்து எழுதினாய்?” என்றோம். கேள்வியின் வடிவில் நாம் கூறியது தீர்ப்பு. அவன் தலைகுனிந்து நின்றான். அம்மௌனத்தையே ஒப்புதலாகக் கொண்டோம். சில திங்களுக்குப்பின் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவன் தாயார் நம்மிடம் சொன்னார்: “ஐயா, பேறுகாலத்துக்கு வந்த அக்காள் தினமும் ராத்திரி விளக்கு வைச்சுச் சொல்லிக் கொடுத்தாள். இப்பம் புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான்.” ஆண்டுத் தேர்வில் அவன் பெற்றது பத்தொன்பது. நாம் மன்னிப்புக் கேட்டோம். அவன், “பரவாயில்லை சார்” என்றான். அச்சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது.

மறைநூலில் சூசன்னாவைக் காத்தது எது? ஊரார் தீர்ப்பிட்டு முடித்த வேளையில், இளைஞனான தானியேல் கிழவர் இருவரையும் தனித்தனியே வினவினான். எந்த மரத்தடியில் என்ற ஒரு கேள்வி பொய்யை வெளிப்படுத்தியது, மாசற்றவளை வாழவைத்தது. உண்மையான விசாரணை குற்றவாளியைத் தேடுவது மட்டுமன்று. நிரபராதிக்கு அதுவே அரண்.

பெற்றோரே, மகன் கையில் புதிய பொருளொன்றைக் கண்டால் கேளாதிருத்தல் அன்பாகாது. ஆனால் விடையை முன்னரே நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு கேட்பதும் நீதியாகாது. தனியே அழைத்துக் கேளுங்கள், முழுவதும் கேளுங்கள். தூயதென்று தெளிந்தபின், எல்லோர் முன்னிலையிலும் மகிழுங்கள். நாம் அன்று செய்யத் தவறியது இவ்வளவே.