கோல்மன் சுவர்கள்: சுண்ணாம்புக் கம்பத்திலிருந்து ஒரு நடை

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் காலை பூஜை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகும் அவசரத்தில் சாலையோரம் நின்றபடியே கும்பிட்டுவிட்டு நடந்தவர்கள்தான் அதிகம். நெய்விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கோயிலின் பழைய பெயரைக் கேட்டேன். “சுண்ணாம்புக் கம்பம் கோயில்தான் தம்பி. எங்க அப்பா காலத்துல இந்தப் பக்கத்துக்கே அதுதான் பேரு” என்றார். கம்பம் என்பது இங்கே கிராமம், ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம்.

நகரத்துக்கு வேண்டிய செங்கல்லும் சுண்ணாம்பும் இந்த வட்டாரச் சூளைகளில் வெந்தன. செங்கல் சூளைகள் 1860இல் மூடப்பட்டன. மாட்டுத் தொழுவங்கள், குதிரைப் பந்தயத் திடல், கடைகள் என்று ஊர் வேறு முகம் எடுத்தது. நான் வந்தது அந்தச் சுண்ணாம்பின் காலத்தைப் பார்க்க. ஜார்ஜ் ட்ரம்கூல் கோல்மன் என்ற அயர்லாந்துக்காரரின் கட்டடங்களை இங்கிருந்து நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். அவற்றைச் சிராங்கூன் சாலையிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே முறை என்பது என் எண்ணம்.

கோல்மன் 1795இல் அயர்லாந்தின் ட்ரோஹெடா என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் கட்டடப் பொருள் வியாபாரி. கல்லும் மரமும் புழங்கும் வீட்டில் வளர்ந்த பையன், இருபது வயதில் கல்கத்தாவுக்குக் கப்பலேறி அங்கிருந்த வணிகர்களுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்தார். பிறகு ஜாவாவின் பத்தாவியா. 1822இல் சிங்கப்பூர். இன்று ஃபோர்ட் கேனிங் என்று நாம் அழைக்கும் குன்றின் மேல், சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸுக்கு மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக ஒரு வீடு அமைத்துக் கொடுத்தார். நடுவில் ஜாவாவுக்குப் போய் 1826இல் திரும்பினார். 1833இல் பொதுப்பணிக் கண்காணிப்பாளர் ஆனார். நில அளவையும் கைதிகளை வேலை வாங்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தன.

அந்தக் கைதிகள் யார் என்பதுதான் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய இடம். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட 1824 ஒப்பந்தப்படி சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. அங்கே கும்பினியார் வைத்திருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். அடுத்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர். அதன் பிறகு 1873இல் கைதிச் சிறை கலைக்கப்படும்வரை சதுப்பை நிரப்பியது, சாலை போட்டது, பாலம் கட்டியது எல்லாம் இவர்கள்தான்.

செலிகி சாலையைக் கடந்து பிராஸ் பாசா சாலைக்கு வந்தேன். 1840களில் கைதிகளுக்கான சிறை எழுந்தது இந்தச் சாலையில்தான். இன்று பல்கலைக்கழகமும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. பையன்கள் மடிக்கணினியுடன் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி சைம்ஸ் வளாகத்துக்குள், நீதிமன்ற எழுத்தர் கால்டுவெல்லுக்காக 1840-41இல் கோல்மன் கட்டிய வீடு நிற்கிறது. முன்பக்கம் அரைவட்டமாகத் துருத்தி நிற்கும் மேல்மாடி அறை கண்ணை இழுக்கிறது. 1852இல் இது கன்னிமாடத்தின் கைக்குப் போனதால் தப்பித்தது.

அடுத்தது புனித ஆண்ட்ரூ தேவாலயம். இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் கோல்மனுடையது அல்ல. அவர் 1830களில் இதே திடலில் கட்டிய தேவாலயத்தில் இரண்டு முறை இடி விழுந்து, கடைசியில் அது இடிக்கப்பட்டது. 1856இல் தொடங்கி 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட இன்றைய கட்டடத்தை வடிவமைத்தவர் ரொனால்ட் மக்ஃபர்சன். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். உட்சுவர்ப் பூச்சுக்கு அவர்கள் கையாண்ட முறையைப் பொறியாளர் மக்நாயர் பின்னாளில் எழுதி வைத்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் ஆகியவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயரும் இதை ‘மெட்ராஸ் சுனாம்’ என்றே எழுதினார்கள். வடிவம் எங்கிருந்து வந்தாலும் பூச்சு நம் ஊரிலிருந்து வந்தது.

தேவாலயத்தின் எதிரே தொடங்குகிறது கோல்மன் தெரு. 1829இல் அவர் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு இங்கே மூன்றாம் எண்ணில் இருந்தது. 1960களில் அதை இடித்து ஹோட்டல் கட்டினார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம். ஒரு நகரத்தின் முதல் கட்டடக் கலைஞர் தாம் குடியிருக்க எப்படிப்பட்ட வீட்டைக் கட்டிக்கொண்டார் என்று இனி யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

அந்த வீட்டுக் காலத்துக் குடும்பக் கதையும் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. டாக்குஹி மனுக் என்ற பெண்ணுடன் அவர் வாழ்ந்தார். மேடா எலிசபெத் என்று ஒரு மகள் பிறந்தாள். திருமணம் நடக்கவில்லை. 1841இல் அவர் பதவியை விட்டு ஐரோப்பா போனார். 1842இல் மரியா பிரான்சிஸ் வெர்னனை மணந்தார். ஆனால் ஊர் அவரை விடவில்லை. 1843 நவம்பரில் மனைவியுடன் திரும்பினார். டிசம்பரில் ஜார்ஜ் வெர்னன் என்ற மகன் பிறந்தான். 1844 மார்ச் 27ஆம் நாள் காய்ச்சலில் கோல்மன் இறந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை, கைக்குழந்தைக்கு மூன்று மாதம். அதே ஆண்டு மரியா வழக்கறிஞர் வில்லியம் நேப்பியரை மணந்தார். தாங்லினில் நேப்பியர் சாலை என்று ஒன்று இருக்கிறதே, அந்த நேப்பியர்தான். டாக்குஹிக்கும் மேடாவுக்கும் இந்த ஊரில் ஒரு சந்துகூட இல்லை. கோல்மனின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்தத் தாயையும் மகளையும் ஒரு வரியில் கடந்துபோவது நியாயமல்ல.

தெருவின் மறுமுனையில் ஹில் தெருவைத் தாண்டினால் ஆர்மீனியத் தேவாலயம். 1835 ஜனவரி முதல் நாள் அடிக்கல் நாட்டி, 1836 மார்ச்சில் அர்ப்பணித்தார்கள். சிங்கப்பூரில் நிற்கும் மிகப் பழைய கிறிஸ்தவ ஆலயம் இதுதான். இங்கே நெடுநேரம் நின்றேன்.

வெளியே வெயில் கொதித்தது. முகப்பு மண்டபத்தின் நிழலுக்குள் வந்ததுமே உடம்பு அந்த வேறுபாட்டை உணர்ந்தது. குதிரை வண்டி நேராக வந்து நிற்கும் அளவுக்கு அகலமான மண்டபம். மழையில் இறங்குபவர் நனையக்கூடாது என்று யோசித்த கை அது. தூண்கள் ரோமாபுரிப் பாணி, ஆனால் சலவைக்கல் அல்ல, செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியவை. உள்ளங்கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. உள்ளே போனால் கூடம் வட்டமாகத் திறக்கிறது. நம் எழும்பூரில் 1821இல் கட்டி முடித்த புனித ஆண்ட்ரூ ஆலயத்துக்குள் நின்ற நினைவு வந்தது. அங்கும் வட்டக் கூடம்தான், சுண்ணாம்பில் மெருகேற்றிய தூண்கள்தான். இங்கே சாய்வுப் பலகை வைத்த மர ஜன்னல்கள் வெளிச்சத்தை வடிகட்டிக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. மின்விசிறி இல்லாத காலத்தில் இந்த அட்சரேகையில் ஐரோப்பியக் கட்டடத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கு கோல்மன் சொன்ன பதில் தடித்த சுவர், ஆழ்ந்த நிழல், ஓடும் காற்று. இன்றைய கண்ணாடிக் கோபுரங்களைவிட அறிவுள்ள பதில் என்றே சொல்வேன். மேலே இருக்கும் கூர்கோபுரம் 1853இல் பிறர் சேர்த்தது.

கோல்மனின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. அவர் அளந்தார், வரைந்தார், நிழலின் இலக்கணம் அறிந்திருந்தார். ஆனால் ‘கோல்மன் கட்டினார்’ என்பது பாதி உண்மை. 1835இல் காட்டுக்குள் சாலைக்காக அளந்துகொண்டிருந்தபோது அவர் குழுவின் மேல் புலி பாய்ந்த சம்பவத்தை ஜெர்மானியர் லாய்ட்டமன் பின்னாளில் ஓவியமாக்கினார். தியோடலைட் என்ற நில அளவைக் கருவி சாய்கிறது, கைதிகள் சிதறுகிறார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. கோல்மனுடன் அந்த ஆட்களும் இடம்பெறும் அரிய படம் அது. அதில் பெயர் தெரிந்தவர் ஒருவரே.

மாலையில் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் போனேன். 1827இல் வணிகர் மாக்ஸ்வெல்லுக்காகக் கோல்மன் கட்டிய மாளிகையில் மாக்ஸ்வெல் குடியேறவே இல்லை. அது நீதிமன்றமாகி, 1965 முதல் 1999 வரை நாடாளுமன்றமாக இருந்து, இன்று கலை இல்லமாக இருக்கிறது. பலமுறை மாற்றிக் கட்டியதால் பழைய முகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கோல்மன் 1840இல் செங்கல்லில் கட்டிய பாலம் போய்விட்டது. அதே இடத்தில் நிற்கும் நான்காவது பாலத்துக்கும் கோல்மன் பெயர்தான். அவர் புதைக்கப்பட்ட ஃபோர்ட் கேனிங் குன்றில், பழைய கல்லறைக் கற்களைச் செங்கல் மதிலில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் வரும் நம்மவர்கள் முஸ்தபா கடையிலும் தேக்கா சந்தையிலும் ஒரு நாளைக் கழிக்கிறார்கள். கழிக்கட்டும். ஆனால் மறுநாள் காலை சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி ஆர்மீனியத் தேவாலயத்துக்கு நடந்து போங்கள், சில நிமிட நடைதான். கூட வரும் பிள்ளைகளிடம் கோல்மன் பெயரைச் சொல்லும்போது, 1825இல் வந்திறங்கிய அந்த எண்பது பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.