ஆறு மணிக்குமேல் யார் எடுப்பது?

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். கள்ளக்குறிச்சியில் பதினைந்து படுக்கைகள் கொண்ட சிறிய மருத்துவமனை வைத்திருக்கிறான். "மாமா, ஆஸ்பத்திரிக்குப் புது போன் சிஸ்டம் போடப்போறேன். எல்லாம் இன்டர்நெட் வழியா. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தது எண்களைச் சுழற்றும் கறுப்பு போன் ஒன்றுதான். ஆனாலும் அவன் கொண்டுவந்த தாளை வாங்கிப் பார்த்தேன். எத்தனை கருவி, என்ன விலை, எந்தெந்த அறைக்கு என்பதெல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. "ஏம்பா, ஆறு மணிக்குமேல போன் அடிச்சா யார் எடுப்பாங்க?" என்று கேட்டேன். அவன் விழித்தான்.

அந்தக் கேள்வி என்னிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் ஆசிரியர் போனில் பேசும் முறையைக்கூடச் சொல்லிக் கொடுத்தார். எடுத்ததும் "அல்லோ". எதிரில் இருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல "நெ கித்தே பா". அதற்கு நேர்ப்பொருள் "விட்டுப் போகாதீர்கள்". அப்பாவின் பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம் என்பதால் எனக்கு வேலை இங்கே அமைந்தது. அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். அலுவலகத்தில் நான் "அல்லோ" என்றால் எல்லோரும் சிரிப்பார்கள்.

அங்கே இருந்தது ஒரே ஒரு போன். அதுவும் அதிகாரியின் அறையில். மாலையில் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விடுவார்கள். வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். சாதாரணம், அவசரம், லைட்னிங் என்று கட்டணம் ஏறும். 1977இல் ஒரு நாள் இரவு அப்பா பாண்டிச்சேரியிலிருந்து லைட்னிங் கால் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பூட்டிய அறைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். வெளியே படுத்திருந்த காவலர் மறுநாள் சொன்னார்: "கேட்டுது சார். சாவி என்கிட்ட இல்லையே." நான் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தேன். காலையில் தந்தி வந்தது. விழுப்புரம் வழியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

யார்மேலும் தப்பில்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது, கருவியும் நன்றாகத்தான் இருந்தது. எடுக்க ஆள் ஏற்பாடு செய்யவில்லை, அவ்வளவுதான்.

மருமகனும் நானும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். இந்தச் சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு. ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பை வரவேற்பறை, நர்ஸ் அறை, மருந்தகம் மூன்றிலும் ஒரே நேரத்தில் அடிக்க வைக்கலாம். இருபது விநாடி யாரும் எடுக்காவிட்டால் டியூட்டி டாக்டரின் செல்போனுக்குத் தானே போகும். 1977இல் இது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது, "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று தொடங்கும் பதிவுக் குரல். அதை வேண்டாம் என்றேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் நான் முகாமுக்குப் போனவன். மலையிலிருந்து கூப்பிடுபவர் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நடந்து வந்து கூப்பிடுவார். வீட்டுக்குத் திரும்பிவிட்டால் நாம் மறுபடி அழைத்தாலும் கிடைக்க மாட்டார். அவரை மெஷின் குரலோடு பேச வைக்கக் கூடாது. மனிதர் எடுக்க வேண்டும், முதலில் ஊர்ப் பெயரைக் கேட்க வேண்டும்.

பிறகு லைன் விஷயம். நம் குரலைச் சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்பி, மறுமுனையில் சேர்ப்பதுதான் இன்டர்நெட் போன். ஒரு பேச்சுக்குப் போகவும் வரவும் சுமார் 100 கிலோபிட் போதும். ஆனால் துண்டுகள் தாமதமாக வந்தால் பேச்சு உடைகிறது. அங்கே சிசிடிவி கேமரா படங்கள் எல்லாம் அதே லைனில் வெளியே போய்க்கொண்டிருந்தன. குரலுக்கு முதலிடம் கொடுக்கும்படி ரவுட்டரில் அமைக்கச் சொன்னோம். வெளிநாட்டு அழைப்பையும் பூட்டச் சொன்னோம்; கடவுச்சொல்லைத் திருடி இரவோடு இரவாக வெளிநாட்டுக்குப் பேசிப் பில்லை ஏற்றுபவர்கள் உண்டு. நம் நாட்டில் 2002 ஏப்ரலில்தான் இன்டர்நெட் போனுக்கு முதலில் அனுமதி வந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. ஊருக்குள் சாதாரண எண்களுக்குப் பேச வழி தெளிவானது 2018இல். அதனால் உரிமம் உள்ள நிறுவனத்திடம்தான் எண் வாங்க வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று, "மெயினை அணைப்பா" என்றேன். அணைத்தான். எல்லா போனும் செத்தன. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வரும். ஊரே இருட்டானாலும் அது பேசும். புதுப் போனுக்கு நாம்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி விளக்கு எரிந்தது. ஆனால் ரவுட்டரும் சுவிட்சும் முதலிலிருந்து தொடங்கி, போன்கள் உயிர் பெறச் சில நிமிடங்கள் ஆயின. யூபிஎஸ் இருந்தது, பில் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும். மறுநாளே ரவுட்டரையும் சுவிட்சையும் அதில் சேர்த்தான். பழைய கம்பி லைன் ஒன்றையும் எடுக்காமல் நர்ஸ் மேஜையில் விட்டுவைத்தான். புதுப் போனிலிருந்து 108 போகிறதா என்று அந்த ஆம்புலன்ஸ்காரர்களிடம் முன்பே சொல்லிவிட்டுச் சோதித்தோம்.

கடைசியாக, இரவு டியூட்டிப் பட்டியலில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: "போன் எடுப்பவர்". தினமும் ஒரு பெயர் எழுத வேண்டும்.

போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் நானே அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். "வணக்கம், எந்த ஊருல இருந்து பேசுறீங்க?" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அவள் வைத்துவிடவில்லை. "சொல்லுங்க ஐயா, லைன்லதான் இருக்கேன்" என்றாள்.